மிதக்கும் கிரகத்துக்கு ஒரு பேர்

அத்தியாயம் 14

பிரதீபா மேல் உங்களில் பலருக்குப் பிரியம் என்பது எனக்குத் தெரியும். 'அவ்வளவு நல்லவள் இப்படிச் செய்வாளா?' என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. நல்லவள்தான். நல்லவர்களுக்குப் பொறாமை வராது என்று எந்த ஊரில் சொல்லி வைத்திருக்கிறார்கள்?

இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் பார்வதத்தின் வீடு. மூத்த மருமகள் பிரதீபா, பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. இளைய மருமகள் ஸ்வாதி, படாளத்து விவசாயக் குடும்பத்துப் பெண், நாவலூரில் ஐ.டி. வேலை. நாவலூர் ஃப்ளாட்டில் பாத்ரூம் ஒழுகுகிறது, ரெண்டே வாரம் தங்கிக்கொள்கிறோம் என்று மாசியில் புருஷனோடு வந்தாள். ஒழுகல் நின்றது, டைல்ஸ் வந்தது, டைல்ஸ் ஒட்டுகிறவர் மட்டும் வரவில்லை. இப்போது ஆடி.

மாமியார் அவளை 'ஸ்வாதிக் கண்ணு' என்கிறாள். பிரதீபாவை 'டீச்சர்' என்கிறாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து டீச்சர்தான். மரியாதைதான் அது. ஆனால் மரியாதையை மடியில் வைத்துக் கொஞ்ச முடியுமா?

போதாக்குறைக்கு, ஸ்வாதி என்ற பேரில் வானத்தில் ஏற்கெனவே ஒரு நட்சத்திரம் வேறு இருக்கிறது.

இந்த நிலைமையில்தான் அந்தப் போட்டி வந்தது. எங்கோ கண்காணாத தூரத்தில் ஒரு நட்சத்திரம், அதைச் சுற்றி ஒரு கிரகம். ஓர் ஆசிரியரும் மாணவர்களும் குழுவாகச் சேர்ந்து இரண்டுக்கும் பேர் யோசித்து அனுப்ப வேண்டும். அந்த நட்சத்திரத்துக்குப் பேர் கிடையாது, அட்டவணையில் ஒரு நீளமான எண் மட்டும் உண்டு. கிரகத்துக்கு அந்த எண்கூடச் சொந்தமில்லை. நட்சத்திரத்தின் எண்ணையே இரவல் வாங்கி, பின்னால் 'பி' என்று ஓர் எழுத்தை ஒட்டிவிட்டிருந்தார்கள்.

"ஏன் மிஸ் 'ஏ' இல்ல?" என்று வகுப்பில் கேட்டார்கள்.

"'ஏ' நட்சத்திரத்துக்கு. முதல்ல கண்டுபிடிச்ச கிரகம் 'பி', அடுத்து கண்டுபிடிச்சா 'சி'."

"அப்போ 'பி'தான் நட்சத்திரத்துக்குப் பக்கத்துல இருக்குமா மிஸ்?"

"அப்படி இல்ல. கண்டுபிடிச்ச வரிசைக்குத்தான் எழுத்து. பின்னால வந்த 'சி', 'பி'யை விட நெருக்கமா இருக்கலாம்."

சொல்லிவிட்டு பிரதீபா கொஞ்ச நேரம் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றாள். வகுப்புக்குக் காரணம் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

போட்டியின் விதிகளை ஒருநாள் சாயங்காலம், கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே வீட்டில் சொன்னாள்.

"என் பேரை வெச்சுடேன் டீச்சர்" என்றாள் பார்வதம்.

"உயிரோட இருக்கறவங்க பேரை வெக்கக் கூடாது அத்தை."

"அப்போ செத்தப்புறம் வையி."

"செத்தும் நூறு வருஷம் ஆகியிருக்கணும்."

"நூறு வருஷம் கழிச்சு யாரும்மா என்னை ஞாபகம் வெச்சிருப்பா?"

ஸ்வாதி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள். "அது எந்த மாரி கிரகம்கா?"

"ஊதிப்போன கிரகம். முழுக்க வாயு. தண்ணியை விட லேசு. அவ்வளவு பெரிய தொட்டி கிடைச்சா மிதக்கும். நட்சத்திரத்தை ஒட்டியே வேகவேகமா சுத்திக்கிட்டே இருக்கு."

"மெதக்குதா? சுத்துதா? அப்போ தெப்பம்தான்கா அது. நடுவுல கீதே நட்சத்திரம், அது நீராழி மண்டபம். மாசி மகத்துக்கு அத்தையும் நானும் மாமல்லபுரத்துல பாத்துகினு வந்தோமே, அதே மாரி."

சொல்லிவிட்டு ஆபீஸ் கால் வந்ததென்று எழுந்து போய்விட்டாள். அவளைப் பொறுத்தவரை பேச்சு அதோடு முடிந்தது.

பிரதீபாவின் கையில் கொத்தவரங்காய் அப்படியே நின்றது. ஒரு மாதமாக அவளும் அவளுடைய மாணவர்களும் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விக்கு, இவள் தட்டச்சு செய்துகொண்டே பதில் சொல்லிவிட்டுப் போகிறாள்!

நட்சத்திரத்துக்கு 'நீராழி', கிரகத்துக்குத் 'தெப்பம்'. மறுநாள் அதைத்தான் அனுப்பினாள். மாணவர்கள் கேட்டபோது, "மாசி மகத் தெப்பம் பார்த்தப்போ எனக்குத் தோணிச்சு" என்றாள். மாசி மகத்தன்று அவள் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

வீட்டில் பேரைக் கேட்டபோது, "முடிவு அறிவிக்கிற வரைக்கும் வெளியில சொல்லக் கூடாதுன்னு விதி" என்றாள். அப்படி ஒரு விதி நிஜமாகவே இருந்தது. விதிகள் சில நேரம் எவ்வளவு சௌகரியம்!

நாடு முழுவதிலிருந்தும் வந்த பெயர்களில் கடைசிச் சுற்றுக்கு ஐந்து ஜோடி தேறியது. அதில் நீராழியும் தெப்பமும் இருந்தன. தேர்வுக் குழுவினர் வீடியோவில் பேசுவார்கள், முடிந்தால் அந்தக் குளத்தையும் காட்டச் சொன்னார்கள். அந்தச் சனிக்கிழமைதான் இன்று.

* * *

"பரணி, கார் எடுங்க. பசங்க கேட்ல நிக்கிறாங்க."

அவள் புருஷன் பரணிதரன் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தான். முகத்தைப் பார்த்ததும் பிரதீபாவுக்குப் புரிந்துவிட்டது.

"ஷிப்டு மாத்திட்டாங்க பிரதீ. இப்பதான் போன் வந்துச்சு. பஸ் ஏறணும்."

"அப்போ சாவியைக் குடுங்க, நானே ஓட்டறேன்."

"உனக்கு லைசென்ஸ் முடிஞ்சு போச்சே."

உள்ளேயிருந்து பார்வதத்தின் குரல் வந்தது. "எதுக்குக் கவலைப்படறே டீச்சர்? ஸ்வாதிக் கண்ணு ஓட்டுவா. இன்னிக்கு அவளுக்கு லீவுதானே. நானும் வரேன், பெருமாளைப் பார்த்து நாளாச்சு."

"வேண்டாம் அத்தை. ஆட்டோவுல போயிக்கறோம்."

"ஆட்டோவுலயா? அவ்ளோ தூரமா?" ஸ்வாதி அதற்குள் செருப்பை மாட்டிவிட்டாள். "இன்னாக்கா நீ, வேத்து ஆளு மாரி பேசற? வா, பத்து நிமிஷத்துல எடுத்துகினு போறேன்."

பத்து நிமிஷத்தில் போக முடியாது. ஆனால் ஸ்வாதி சொன்னால் வீட்டில் எல்லோரும் நம்புவார்கள்.

பின்சீட்டில் பிரதீபா, பதினோராம் வகுப்பு ஹரிப்ரியா, ஜோஷ்வா. ஹரிப்ரியாவின் மடியில் அவளே வரைந்த படம் ஒன்று சுருட்டி இருந்தது. கிரகத்தின் எடையையும் பருமனையும் வைத்து அது தண்ணீரில் மிதக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவள் அவள். இந்தப் போட்டி தொடங்கியதிலிருந்து அந்தப் பெண் வேறு எதையும் பேசவில்லை என்று அவள் அம்மா பள்ளிக்கே வந்து செல்லமாகக் குறைப்பட்டுவிட்டுப் போனாள்.

"பேர் இன்னா வெச்சீங்கன்னு எனக்காவது சொல்லக் கூடாதா?" என்று ஸ்வாதி கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள்.

ஹரிப்ரியா வாயைத் திறந்தாள். பிரதீபா அவள் கையை அழுத்தினாள்.

"ரகசியம் ஆன்ட்டி" என்று சிரித்தது அந்தப் பெண்.

மாமல்லபுரத்துக்குத் திரும்பும் பூஞ்சேரி வரைக்கும் பிரதீபா ஒரே யோசனையில் இருந்தாள். குளத்தருகே இறங்கியதும் மாமியாரையும் ஸ்வாதியையும் கோயிலுக்குள் அனுப்பிவிட வேண்டும். பெருமாள் சந்நிதியில் கூட்டம் இருந்தால் இன்னும் நல்லது. இன்று ஒரு நாள் பெருமாள் கொஞ்சம் தாமதமாகத் தரிசனம் கொடுத்தால் போதும்.

பெருமாள் அப்படியெல்லாம் உதவுகிறவர் இல்லை. கோயிலில் கூட்டமே இல்லை. போன சுருக்கில் மாமியாரும் மருமகளும் துளசியோடு திரும்பி வந்துவிட்டார்கள்.

இங்கே குளத்துப் படியில் வேறு கஷ்டம். பிரதீபாவின் போனில் படம் உறைந்து உறைந்து நின்றது. ஜோஷ்வாவின் போனில் சார்ஜ் இல்லை.

"மேடம், நீங்க மூணு பேரும் ஒண்ணா தெரியணும். பின்னால மண்டபமும் தெரிஞ்சா நல்லா இருக்கும்" என்று மறுமுனையில் சொல்லிக்கொண்டிருந்தார் தேர்வுக் குழுவின் பேராசிரியர் லக்ஷ்மிநாராயணன். அதோடு இணைப்பு அறுந்தது.

"என் போன்ல போடு, சிக்னல் சூப்பரா கீது" என்று ஸ்வாதி தன் போனை நீட்டினாள். "நானே புடிச்சிக்கறேன். நீங்க மூணு பேரும் அந்தாண்ட நில்லுங்க."

மறுக்க ஒரு காரணம்கூட பிரதீபாவுக்குக் கிடைக்கவில்லை.

ஆக, ஸ்வாதி போனைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி கீழே நின்றாள். பார்வதம் குடையை விரித்துக்கொண்டு ஓரத்துப் படியில் உட்கார்ந்தாள். கேமராவைப் பார்த்துப் பேசுகிறவள் ஸ்வாதியின் முகத்தையும் பார்த்துத்தான் பேச வேண்டும்.

"சொல்லுங்கம்மா. என்ன பேர், ஏன் அந்தப் பேர்?" என்றார் பேராசிரியர்.

ஹரிப்ரியா படத்தை விரித்துப் பிடித்தாள். "நட்சத்திரத்துக்கு நீராழி, கிரகத்துக்குத் தெப்பம் சார். எங்க பிரதீபா மிஸ் மாசி மகத்துக்கு இதே குளத்துல தெப்பம் பார்க்க வந்தாங்க. அப்போ அவங்களுக்குத் தோணின பேர் சார்."

குளத்தில் ஒரு மீன் துள்ளியது. பார்வதத்தின் குடை மெல்லத் திரும்பியது.

"அப்படியா மேடம்?"

பிரதீபா ஸ்வாதியைப் பார்த்தாள். ஸ்வாதியின் புருவம் ஒரு தடவை உயர்ந்து இறங்கியது. போன் ஆடவில்லை.

"ஆமாம் சார்" என்றாள் பிரதீபா.

ஜோஷ்வா விளக்கினான். ஹரிப்ரியா கணக்கைச் சொன்னாள். பேராசிரியர் சந்தோஷமாகத்தான் கேட்டார். பிறகு ஒரு கேள்வி போட்டார்.

"மிதக்குது, சுத்துது, சரி. உலகத்துல மிதந்து சுத்தற சாமான் எவ்வளவோ இருக்கு. இந்தக் கிரகத்துக்குத் தெப்பம்தான் பொருத்தம்னு சொல்ல வேற ஏதாவது இருக்கா மேடம்? நீங்கதான் நேர்ல பார்த்தவங்களாச்சே. அன்னிக்கு என்ன பார்த்தீங்க?"

என்ன பார்த்தாள்? பத்தாம் வகுப்பு 'ஏ' பிரிவின் ஒளியியல் விடைகளைப் பார்த்தாள்.

"கூட்டம் சார்... நாதஸ்வரம்... விளக்கு அலங்காரம்..."

"அது எல்லாத் திருவிழாவிலயும் உண்டே."

ஹரிப்ரியா நம்பிக்கையோடு மிஸ்ஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனுக்குப் பின்னாலிருந்து மெல்ல ஒரு குரல். "மண்டபத்துல வெளக்கு வெச்சிருப்பாங்கக்கா. தெப்பம் நமக்குக் குறுக்கால வரப்போ அந்த வெளிச்சம் மங்கிடும். தாண்டிப் போனா மறுபடியும் வரும். ஒவ்வொரு சுத்துக்கும்."

பிரதீபாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கிரகத்தைக் கண்டுபிடித்ததே அப்படித்தான்! நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவே அது வரும்போதெல்லாம் வெளிச்சம் துளி குறையும். குறைகிற கணக்கை வைத்துத்தான் அங்கே ஒன்று சுற்றுகிறது என்று தெரிந்துகொண்டார்கள். இதை வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவள் அவள். ஆனால் தெப்பத்தோடு சேர்த்து ஒருநாளும் யோசித்ததில்லை.

பிடித்துக்கொண்டாள். நன்றாகவே பேசினாள். குளத்தைக் காட்டி, மண்டபத்தைக் காட்டி, கரையில் நிற்கிற நாம்தான் தொலைநோக்கி என்று சொல்லி முடித்தபோது மறுமுனையில் யாரோ கை தட்டினார்கள்.

"பிரமாதம் மேடம்" என்றார் பேராசிரியர்.

ஹரிப்ரியா துள்ளிக் குதித்தாள். அழைப்பை முடித்துவிட்டு ஸ்வாதியும் கை தட்டினாள். அதுதான் பிரதீபாவுக்குத் தாங்கவில்லை. திட்டியிருக்கலாம், முகத்தைத் திருப்பியிருக்கலாம். கை தட்டுகிறாள்!

* * *

"மாசி மகத்துக்கு நீ வரலியே டீச்சர்?" என்று பார்வதம் காரை நோக்கி நடக்கும்போது மெதுவாகக் கேட்டாள். "பேப்பர் திருத்தணும்னு சொன்னியே."

பிரதீபா நடையை எட்டிப் போட்டாள்.

"அடுத்த நாளு போனாங்க அத்தை. எங்கிட்ட சொல்ட்டுத்தான் போனாங்க" என்றாள் ஸ்வாதி, வெகு சாதாரணமாக. "நீங்க பசங்களோட வண்டியில ஏறுங்க, நாங்க இளநி வாங்கிகினு வரோம்."

இளநீர்க்காரர் சீவிக்கொண்டிருந்தபோது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பிரதீபா முந்திக்கொண்டாள்.

"எனக்காக நீ எதுக்குப் பொய் சொன்னே?"

"பின்ன? பசங்க முன்னாடி உன்ன வுட்டுக் குடுப்பனா?" ஸ்வாதி ஒரு இளநீரை அவள் கையில் வைத்தாள். அவள் கண் ஓரம் சிவந்திருந்தது. ஆனால் குரல் மாறவில்லை. "கேட்டிருந்தா நானே குட்த்திருப்பேன்கா. ஒரு பேர்தான?"

ஒரு பேர்தானே!

இத்தனை வருஷமாக ஊரார் வைத்த பேர்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தவள் பிரதீபா. யாரோ கண்டுபிடித்த விதி, யாரோ பார்த்த கிரகம். தன் வாயிலிருந்து பிறந்த ஒரு பேர், ஒன்றே ஒன்று, வானத்தில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதற்காக முதல்முறையாகத் திருடினாள். திருட்டுக் கொடுத்தவளோ, கடைக்காரர் கொசுறாகத் தந்த கறிவேப்பிலை மாதிரி, எடுத்துக்கோ என்கிறாள்.

இவளிடம் இருப்பதெல்லாம் இவளுக்கு எளிதாக வந்தது. அதனால்தான் எளிதாகக் கொடுக்கவும் முடிகிறது. கொடுக்கிறதிலும் இவள்தான் ஜெயிக்க வேண்டுமா?

இளநீரை அவள் குடிக்கவில்லை. ஜோஷ்வாவிடம் கொடுத்துவிட்டாள்.

கார் பூஞ்சேரி தாண்டியது. பிள்ளைகள் ஜெயித்துவிட்ட மாதிரியே பேசிக்கொண்டு வந்தார்கள். தெப்பத்துக்கு ஒரு துணைக்கோள் கிடைத்தால் அதற்கு என்ன பேர் என்று சண்டை. பார்வதம் முன்சீட்டில் துளசியை முகர்ந்துகொண்டிருந்தாள்.

போன் அடித்தது. ஸ்வாதியின் போன், கார் ஸ்பீக்கரோடு இணைந்திருந்தது. ஸ்வாதி விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். பேராசிரியரின் குரல் கார் முழுக்க நிறைந்தது.

"பிரதீபா மேடம் இருக்காங்களா? ஒண்ணுமில்லம்மா, நல்ல விஷயம்தான். எங்க எல்லாருக்கும் உங்க பேர் பிடிச்சிருக்கு. ஒரே ஒரு சந்தேகம். வெளிச்சம் மங்கும்னு நீங்க சொல்றதுக்கு முன்னாடி, கேமராவுக்குப் பின்னால ஒரு குரல் அதையே சொல்லிச்சு. பதிவுல கேட்குது. அது யாரு?"

பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள்.

கண்ணாடியில் ஸ்வாதியின் கண்கள் தெரிந்தன. சின்னதாகத் தலையை ஆட்டினாள். 'வேண்டாம், ஏதாவது சொல்லிச் சமாளி' என்பதுபோல். பார்வதம் திரும்பவில்லை. ஆனால் துளசியை முகர்வதை நிறுத்திவிட்டாள்.

சமாளிப்பது சுலபம். 'வேடிக்கை பார்க்க வந்தவங்க சார்' என்றால் முடிந்துபோகும். பேர் அவளுடையதாகிவிடும். ஸ்வாதி வாய் திறக்க மாட்டாள். இன்றைக்கு மட்டும் இல்லை, ஆயுசுக்கும் திறக்க மாட்டாள். தெப்பம் என்ற பேரை எங்கே கேட்டாலும், ஸ்வாதி கொடுத்தது என்று பிரதீபாவுக்கு மட்டும் தெரிந்துகொண்டே இருக்கும்.

"சார், அது ஸ்வாதி" என்றாள் பிரதீபா. "எங்க வீட்டு சின்ன மருமக. பேரும் அவ சொன்னதுதான். நான் அந்தத் தெப்பத்தைப் பார்த்ததே இல்லை."

பேராசிரியர் பக்கத்தில் யாரிடமோ ஏதோ கேட்டார்.

"அவங்க உங்க குழுவுல இருக்காங்களா மேடம்?"

"இல்லை சார்."

"குழுவுல இருக்கறவங்க யோசிச்ச பேரா இருக்கணும்னு விதி உங்களுக்குத் தெரியும்..." அவர் தொண்டையைச் செருமினார். "திங்கக்கிழமை நாங்க கூடறோம். பேசிட்டுத்தான் எதுவும் சொல்ல முடியும்."

போன் அறுந்தது. ஸ்வாதி காரைச் சாலை ஓரத்தில், ஒரு சவுக்குத் தோப்பின் நிழலில் நிறுத்திவிட்டு முழுதாகத் திரும்பினாள்.

"இன்னாக்கா இது? நான்தான் குட்த்துட்டேன்ல? உன்ன நான் ஒரு வார்த்த கேட்டனா? எதுக்குச் சொன்ன?"

"நீ குடுத்து எனக்கு ஒண்ணும் வேண்டாம், ஸ்வாதி."

உண்மை பேசியவளின் குரலாக அது இல்லை. காரில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. பார்வதம் "டீச்சர்..." என்று ஆரம்பித்தாள். வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அதோடு நின்றுவிட்டாள்.

பிரதீபா நிமிர்ந்து உட்கார்ந்தாள். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தாள். ஒரு நிமிஷம் இறங்கவும் இறங்கியது. கடன்பட்ட கையை உதறிவிட்ட நிம்மதி. ஸ்வாதியிடம் இனி அவள் எதற்கும் தலை குனிய வேண்டாம்.

பக்கத்தில் காகிதம் சரசரத்தது. ஹரிப்ரியா தன் படத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நடுவே நீராழி, சுற்றிலும் அவள் மூன்று ராத்திரி விழித்துத் தீட்டிய ஆரஞ்சு வண்ணத் தெப்பம். ரப்பர் பேண்டை மாட்ட வரவில்லை.

"அப்போ எங்களுக்கும் வேண்டாமா, மிஸ்?" என்றாள்.